கை விறுவிறுக்கிறது என்கிறார் அம்மா: முதலில் ஹீற்றரை நிறுத்துங்கள்

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 46, ஆசிரியை. 74 வயது அம்மாவுடன் இருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தமும் உண்டு. மார்கழிக் குளிரில் அம்மா கிணற்றடியில் நடுங்கிக்கொண்டு நிற்பதை வீடியோவில் பார்த்த அண்ணா, 2019இல் ரொறன்ரோவிலிருந்து வந்து நின்றபோது வீட்டோடு சேர்த்து ஒரு பாத்ரூம் கட்டி, 30 லீற்றர் கொள்ளும் 2000 வாற்று சுடுதண்ணி ஹீற்றர் ஒன்றையும் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து வருடம் ஒரு கரைச்சலும் இல்லை.

போன மாரியில் தொடங்கியது. ஹீற்றரைப் போட்டால் உள்ளே சோளம் பொரிகிற மாதிரிச் சத்தம். முன்பு அரை மணித்தியாலத்தில் சுட்ட தண்ணி இப்போது ஒரு மணித்தியாலம் போயும் வெதுவெதுப்புத்தான். காலையில் முதலில் வருவது தேத்தண்ணி நிறம். ஹீற்றருக்குக் கீழே இருக்கிற சின்ன வால்விலிருந்து தண்ணி சொட்டியது. குழாய் வேலைக்கு வந்தவர் அதை இறுக்கி அடைத்துவிட்டார். கரண்ட் கசிந்தால் தானே நிறுத்துகிற ட்ரிப் சுவிட்சும் விழத் தொடங்கியது. முதலில் கிழமைக்கு ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு நாளும். "வயரிங் செய்கிற பொடியன் வந்து ஹீற்றருக்குப் போகிற வயரை ட்ரிப் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு வீடு இருட்டானதே இல்லை" என்று எழுதுகிறார். ஆடி மாதம் தொடக்கம், குளிக்கும்போது குழாயைப் பிடித்தால் கையில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்று அம்மா சொல்கிறாராம். சீனி வருத்தத்தில் நரம்பு பழுதானால் அப்படி விறுவிறுக்கும் என்று யாரோ சொல்லியிருப்பதால், அடுத்த கிளினிக்கில் காட்டலாம் என்று இருக்கிறார்.

அவருடைய கேள்விகள் நாலு. ஹீற்றர் முடிந்துவிட்டதா, திருத்தலாமா? மாற்றுவதானால் எதை வாங்குவது? "எங்கட வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் பதினைந்து வருடமாக ஓடுது, ஆறு வருடத்தில் மாற்றச் சொன்னால் ஏமாற்றுகிறார்கள்" என்று அண்ணா சொல்வது சரியா? விற்ற கடையில் ஏதாவது கேட்க முடியுமா?

அன்புச் சகோதரி,

நாலு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் முதலில். இதை வாசித்து முடிக்கும்வரை இருக்க வேண்டாம், இப்போதே எழுந்து போய் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஹீற்றரின் சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. வயரை மாறிப் பூட்டிய வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே சுவிட்ச் நின்றாலும் ஹீற்றருக்குள் கரண்ட் நிற்கும். மெயினை நிறுத்திய பிறகும் ஹீற்றரின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால், வயர் மெயினுக்கும் முன்னால் எடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது எதையும் தொடாமல் மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழையுங்கள். மற்றபடி, தெரிந்த மின்னிணைப்பாளர் ஒருவர் வந்து ஹீற்றரின் வயரை இரண்டு முனையிலும் கழற்றும்வரை மெயின் நிற்கட்டும். ஒரு இரவு விளக்கில்லாமல் இருந்து பழகாத ஆக்களா நாங்கள்?

அம்மா அந்தக் குழாயைத் தொடக்கூடாது. நீங்களும் தொட்டுப் பார்த்து உறுதிப்படுத்தக்கூடாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், "உண்மையாகவே கரண்ட் அடிக்குதா என்று பார்ப்போம்" என்று ஈரக் கையோடு போய்ப் பிடித்துப் பார்க்கிறவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம்.

அம்மாவின் கையும் சீனி வருத்தமும்

நான் வைத்தியன் இல்லை, மின் வேலை செய்கிறவன். ஆனாலும் சீனி வருத்தத்தால் வரும் நரம்பு விறுவிறுப்பு எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். அது பெரும்பாலும் பாதங்களில் தொடங்கும், இரண்டு பக்கமும் இருக்கும், இரவில் படுத்திருக்கும்போதும் இருக்கும். குழாயைப் பிடித்தால் வந்து, விட்டால் போகாது. உங்கள் கடிதத்தில் "குழாயைப் பிடித்தால்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வயது போனவர்கள் சொல்வதை வருத்தத்தின் கணக்கில் எழுதிவிடுவது எங்கள் எல்லோரிடமும் இருக்கிற பழக்கம். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை.

அம்மாவுக்கு நெஞ்சுப் படபடப்போ மயக்கமோ வந்திருந்தால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ். குழாயில் கரண்ட் அடித்தது என்று அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, கரண்ட் எப்படிக் குழாய்க்கு வந்தது? ஹீற்றருக்குள் இருக்கிற கொயில் ஒரு உலோகக் குழாய். அதன் நடுவில் சூடாகிற கம்பி போகிறது, கம்பிக்கும் குழாய்க்கும் இடையில் மக்னீசியம் ஒட்சைட்டு என்ற வெள்ளைத் தூள் அடைத்திருக்கும். அந்தத் தூள்தான் கரண்டைத் தண்ணியிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. வெளிக் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், தூள் ஈரமாகிவிடும், கரண்ட் தண்ணிக்கும் தாங்கியின் உடம்புக்கும் கசியத் தொடங்கும். அங்கிருந்து உலோகப் பின்னல் போட்ட இணைப்புக் குழாய் வழியாகக் குழாய்த் தலைக்கு வந்துவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணியில் உப்பும் கல்சியமும் கூட இருப்பதால் தண்ணியே கரண்டை நன்றாகக் கடத்தும்.

இப்படிக் கசிகிற கரண்ட் எர்த் வயர் வழியாக நிலத்துக்குப் போகவேண்டும். இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. மின்சார சபையின் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவது இரண்டு வயர்தான். எர்த் என்பது உங்கள் முற்றத்தில் நீங்களே அடித்த கம்பி. அது எவ்வளவு நல்லது என்பது அந்த நிலத்தின் ஈரத்தைப் பொறுத்தது. மாரியில் நிலம் ஊறிக் கிடந்தபோது கசிவு நேராக மண்ணுக்குப் போனது, ட்ரிப் சுவிட்ச் அதைக் கண்டு விழுந்தது. ஆடி, ஆவணியில் நிலம் வெடித்துக் காய்ந்துவிட்டது. எர்த் கம்பியைச் சுற்றி ஈரமில்லை. போக வழியில்லாத கரண்ட் ஹீற்றரின் உடம்பிலும் குழாயிலும் தேங்கி நிற்கிறது. மாரியில் ட்ரிப் விழுந்ததும் கோடையில் அம்மாவின் கை விறுவிறுத்ததும் ஒரே பழுதுதான்.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். காய்ந்த நிலத்தில் உங்கள் எர்த்தின் தடை 50 ஓம் என்று வையுங்கள். ஒரு அம்பியர் கசிந்தால் குழாயில் 50 வோல்ற்று நிற்கும். நனைந்த உடம்பின் தடை ஏறத்தாழ 1000 ஓம். அதாவது 50 மில்லி அம்பியர் அம்மாவின் உடம்பு வழியாகப் போகலாம். வீடுகளில் பூட்டுகிற ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியருக்கே விழும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் போனால் இதயம் தடுமாறக்கூடும் என்பதால்தான். அம்மாவுக்கு இதுவரை எறும்பு ஊர்கிற அளவோடு நின்றிருப்பது, கசிவு இன்னும் சிறிதாக இருப்பதால். கொயிலில் இருக்கிற ஓட்டை சிறிதாகவே இருக்காது.

ட்ரிப் சுவிட்சைத் தாண்டி எடுத்த வயர்

அந்தப் பொடியன் செய்ததை நீங்கள் ஒரு வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த வரிதான். ட்ரிப் சுவிட்ச் பழுதாகி விழவில்லை. தன் வேலையைச் செய்து விழுந்தது. நாய் குரைக்கிறது, நித்திரை கொள்ள முடியவில்லை என்று நாயை அவிழ்த்து விட்டது போல ஆகிவிட்டது.

"பிரேக்கர் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்" என்று அவன் சொன்னானாம். பார்த்துக்கொள்ளாது. பிரேக்கர் பார்ப்பது வயருக்குள் ஓடுகிற மொத்தக் கரண்டை. அளவுக்கு மீறினால்தான் விழும். முழுக் கரண்டும், 230 வோல்ற்றும், அப்படியே ஹீற்றரின் உடம்புக்கு வந்துவிட்டாலும், 50 ஓம் எர்த் வழியாக ஓடக்கூடியது 4.6 அம்பியர். 20 அம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டாது. குழாயில் 230 வோல்ற்று நிற்கும், மீற்றர் சுழலும், வீட்டில் விளக்கெல்லாம் நன்றாக எரியும். ட்ரிப் சுவிட்ச் வேறு மாதிரி. ஒரு வயரில் போன கரண்ட் முழுவதும் மற்ற வயரில் திரும்பி வந்ததா என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை குறைந்தால், குறைந்தது எங்கோ வெளியே போகிறது என்று பொருள். அது மனித உடம்பாகவும் இருக்கலாம்.

பொடியன்மீது எனக்குக் கோபம் இல்லை. வன்னியில் ஒரு தலைமுறை ஜாம் போத்தல் விளக்கில் படித்தது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது. 2009க்குப் பிறகுதான் பல ஊர்களுக்குக் கம்பம் வந்தது. கரண்டை எப்படியாவது வரவைப்பதில் எங்கள் ஆக்கள் கெட்டிக்காரர்கள். அது நிற்கவேண்டிய நேரத்தில் நிற்பதும் நல்லது என்ற எண்ணம் மட்டும் இன்னும் ஊறவில்லை. இருட்டு வந்தாலே பழுது என்று நினைக்கிறோம்.

திருத்த வருகிறவர் முதலில் செய்யவேண்டியது ஹீற்றரின் வயரை மறுபடி ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் கொண்டுவருவது. பிறகு ட்ரிப் சுவிட்சில் இருக்கிற "ரெஸ்ற்" என்ற சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தியவுடன் விழவேண்டும். இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நீங்களே அழுத்திப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பொத்தான் சுவிட்சை மட்டுமே சோதிக்கும், எர்த் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. எர்த்தை அதற்கான மீற்றரால்தான் அளக்கவேண்டும். தடை கூடவென்றால் ஆழமாக இன்னொரு கம்பி அடிக்கலாம். கோடையில் எர்த் கிடங்குக்குத் தண்ணி ஊற்றுவது அன்றைய நாளுக்கு உதவும், அவ்வளவுதான்.

மற்ற அறிகுறிகள் என்ன சொல்கின்றன

சோளம் பொரிகிற சத்தம் கல்சியப் படிவு. உங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கட்டுகிறதே, அதேதான் கொயிலிலும் கட்டுகிறது. படிவுக்கும் கொயிலுக்கும் இடையில் அகப்பட்ட தண்ணி கொதித்து வெடிக்கிற சத்தம் அது. படிவு கட்டினால் கரண்ட் பில் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணிக்குள் மூழ்கிய கொயிலில் அப்படிப் பெரிதாகக் கூடாது. அதன் சூடு எப்படியும் தண்ணிக்குத்தான் போகவேண்டும். கேடு வேறு இடத்தில். கம்பளி போர்த்திய மாதிரி ஆகி, கொயில் தன் சூட்டை விடமுடியாமல் தானே வெந்து வெடிக்கிறது. அந்த ஓட்டை அப்படித்தான் வந்திருக்கும். ஆக, சத்தம் வந்த மாதமே தாங்கியைக் கழுவியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லாமல் போயிருக்கலாம்.

தண்ணி சுடப் பிந்துவதை மணிக்கூட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம். 30 லீற்றர் தண்ணியை 28 பாகையிலிருந்து 55 பாகைக்குக் கொண்டுவர 2000 வாற்று ஹீற்றருக்கு 28 நிமிடம் போதும், கரண்ட் ஒரு அலகுக்குச் சற்றுக் குறைவு. உங்களுக்கு முன்பு அரை மணித்தியாலம் எடுத்தது என்பது கணக்கோடு ஒத்துப்போகிறது. இப்போது ஒரு மணித்தியாலம் போயும் வெதுவெதுப்பு என்றால் மூன்று காரணம் இருக்கலாம். தண்ணி சுட்டதும் கரண்டை நிறுத்துகிற தேர்மோஸ்ரற்றின் மூக்கில் படிவு கட்டி அது நேரத்துக்கு முந்தி நிறுத்துகிறது. அல்லது குளிர்தண்ணியை அடிக்குக் கொண்டுபோகிற உட்குழாய் உடைந்து, சுடுதண்ணியோடு கலக்கிறது. அல்லது வோல்ற்று குறைவு. உங்கள் வீடு ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து கடைசி என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னேரம் 200 வோல்ற்றுக்கு இறங்கினால் ஹீற்றரின் பலத்தில் கால்வாசி போய்விடும். காலையில் சரியாகச் சுட்டு இரவில் பிந்தினால் அது ஹீற்றரின் குற்றமில்லை. எந்த நேரமும் பிந்தினால் ஹீற்றர்தான்.

இதைவிடப் பயமானது எதிர்ப்பக்கம்: தேர்மோஸ்ரற் நிறுத்தவே மாட்டேன் என்று ஒட்டிக்கொள்வது. குழாயைத் திறந்தவுடன் ஆவி பறந்தால் அதுதான். 60 பாகைத் தண்ணி பெரியவர் ஒருவரின் தோலை ஐந்து செக்கனில் புண்ணாக்கும். சீனி வருத்தத்தில் பாதம் மரத்திருந்தால் அம்மாவுக்குச் சுட்டதே தெரியாது. ஆகவே அம்மா குளிக்க முன்னம் வாளித் தண்ணியை உங்கள் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். அவருடைய காலை நம்ப வேண்டாம்.

தேத்தண்ணி நிறத்துக்கு ஒரு சின்னச் சோதனை. இரண்டு வெள்ளைக் கோப்பை எடுங்கள். ஒன்றில் காலையில் முதல் வருகிற சுடுதண்ணி, மற்றதில் குளிர்தண்ணி. (இப்போது வேண்டாம், வயரைக் கழற்றிய பிறகு. தாங்கியில் தேங்கி நிற்கிற தண்ணியிலேயே நிறம் தெரியும்.) இரண்டும் மண்ணிறம் என்றால் கிணற்றில் இரும்பு, ஹீற்றரைக் குற்றம் சொல்ல வேண்டாம். சுடுதண்ணிப் பக்கம் மட்டும் மண்ணிறம் என்றால் தாங்கி உள்ளே துருப்பிடிக்கிறது. தாங்கிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று தொங்கும். துருவைத் தான் வாங்கிக்கொண்டு தாங்கியைக் காப்பாற்றுவது அதன் வேலை. அது தின்று முடிந்தால் அடுத்தது தாங்கிதான். அப்படி ஒரு கம்பி இருக்கிறது என்றே விற்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அப்புறம் அந்தச் சொட்டு. தண்ணி சூடாகும்போது விரியும், அந்த நேரத்தில் வால்வு இரண்டு மூன்று துளி விடுவது வழமை. ஹீற்றர் நின்றிருக்கும்போதும் ஓயாமல் சொட்டினால் வால்வைக் கழுவவேண்டும் அல்லது மாற்றவேண்டும். எந்த நிலையிலும் அடைக்கக்கூடாது. தேர்மோஸ்ரற் ஒட்டிக்கொண்டு தண்ணி 100 பாகையைத் தாண்டினால் அழுத்தம் வெளியேற இருக்கிற வழி அது ஒன்றுதான். தண்ணி ஆவியானால் ஏறத்தாழ 1600 மடங்கு இடம் கேட்கும். சுவரில் தொங்குகிற தாங்கி அதைத் தாங்காது. அடைப்பைக் கழற்றி, வால்விலிருந்து ஒரு சின்னக் குழாயை வடிகாலுக்கு இறக்கிவிடச் சொல்லுங்கள். சொட்டுவது கண்ணுக்குத் தெரியட்டும்.

அண்ணா சொல்வது

அண்ணா பொய் சொல்லவில்லை. அவருடைய வீட்டு ஃபர்னஸ் வாயுவில் எரிந்து காற்றைச் சூடாக்குவது. தண்ணி அதன் வழியாக ஓடுவதில்லை, ஆகவே கல்சியம் கட்டுவதில்லை. பதினைந்து, இருபது வருடம் ஓடும். அது பழுதாகும் அறிகுறிகளும் வேறு: நீலமாக எரியவேண்டிய சுவாலை மஞ்சளாவது, கரி படிவது, அடிக்கடி நின்று நின்று தொடங்குவது, வீட்டிலுள்ளவர்களுக்குக் காரணமில்லாமல் தலையிடியும் குமட்டலும் வருவது. கடைசியாகச் சொன்னது, வாயு அரைகுறையாக எரியும்போது வருகிற காபனோரொட்சைட்டு நஞ்சாக இருக்கலாம். அதனால்தான் அண்ணா இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் 2014 தொடக்கம் அதற்கான எச்சரிக்கை மணி வீடுகளில் சட்டப்படி கட்டாயம். அந்த மணியை உங்களுக்கும் வாங்கி அனுப்புகிறேன் என்கிறாராம். உங்கள் கரண்ட் ஹீற்றரில் எதுவும் எரிவதில்லை, மணி அங்கே ஒருநாளும் அடிக்காது. அந்தக் காசை எர்த்துக்குச் செலவழிக்கச் சொல்லுங்கள். பாத்ரூமுக்குள் வாயு ஹீற்றர் பூட்டுவதாக இருந்தால் மட்டும் அண்ணாவின் பேச்சை அப்படியே கேட்கவேண்டும்.

திருத்துவதா, மாற்றுவதா

கொயில், தேர்மோஸ்ரற், மக்னீசியக் கம்பி, றப்பர் வளையம் இந்த நாலும் மாற்றக்கூடியவை. தாங்கி மாற்றக்கூடியதல்ல. ஆகவே திறந்து பார்க்கவேண்டும். தாங்கி உள்ளே சுத்தமாக, மூட்டுகளில் கசிவில்லாமல் இருந்தால் நாலையும் ஒன்றாகவே மாற்றுங்கள். கொயிலை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. மக்னீசியக் கம்பி வெறும் நரம்பாகி, தாங்கிச் சுவரில் துருக் கொப்புளம் தெரிந்தால் கைவிடுங்கள். தேத்தண்ணி நிறத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். ஆறு வருடப் பழைய ஹீற்றருக்கு, புதியதன் விலையில் மூன்றில் ஒன்றுக்கு மேல் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

புதிதாக வாங்கினால் அதே 30 லீற்றர் போதும். உடனே சுடுகிற சின்ன ஹீற்றர் வேண்டாம் என்பது என் எண்ணம். அது 3500 முதல் 4500 வாற்று இழுக்கும். 4500 வாற்று என்றால் ஏறத்தாழ 20 அம்பியர், தனியாகத் தடித்த வயர் வேண்டும். கடைசி வீட்டு வோல்ற்றுக்கு அது சுடவும் மாட்டாது. உங்கள் தண்ணித் தாங்கி 15 அடி உயரத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அழுத்தம் சில வகைகளைத் தொடக்கவே போதாது. கூரையில் பூட்டுகிற சூரிய ஹீற்றர் ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு நல்லது. இரண்டு பேருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை, கல்சியம் அதற்குள்ளும் கட்டும். இடைக்காலத்துக்கு என்று வாளிக்குள் போடுகிற கம்பி ஹீற்றர் வாங்கிவிடாதீர்கள். ஒரு ஆபத்தை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதையாகும். ஆவணி வெயிலில் உங்கள் கறுப்புத் தாங்கித் தண்ணியே பின்னேரம் மூன்று மணிக்குக் கை பொறுக்காத சூடாக இருக்குமே. அம்மாவை அந்த நேரத்தில் குளிக்கச் சொல்லுங்கள். மாரி தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

எதை வாங்கினாலும் வருடத்துக்கு ஒரு தடவை, புரட்டாதியில், ஹீற்றரின் தாங்கியை இறக்கிக் கழுவுங்கள். நாள் முழுக்கப் போட்டு வைப்பதையும் விடுங்கள். "தொடங்கும்போதுதான் கூடக் கரண்ட் இழுக்கும்" என்பது மோட்டருக்குச் சரி, ஹீற்றருக்குப் பொருந்தாது.

கடையும் வேலைக்காரரும்

ரசீதையும் உத்தரவாத அட்டையையும் தேடி எடுங்கள். தாங்கிக்கு ஒரு காலம், கொயிலுக்கு வேறொரு காலம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள், தாங்கிக்குத்தான் நீண்டது. தாங்கியின் காலம் இன்னும் முடியாமல் இருந்து கடைக்காரர் தட்டிக்கழித்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், 1977க்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. தாமதிக்க வேண்டாம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: வால்வை அடைத்ததும் வயரை மாற்றியதும் தெரிந்தால், "நீங்கள் கைவைத்துவிட்டீர்கள்" என்று கடைக்காரர் சொல்வார். அதில் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எதையும் கழற்ற முன்னம் எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

வேலைக்கு வருகிறவரிடம் தேசிய தொழில் தகைமை மூன்றாம் மட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. கசிவை அளக்கிற மீற்றரோடு வருகிறாரா என்று பாருங்கள். வெறும் டெஸ்டரோடு வருகிறவரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம்.

அண்ணா ஆசையாய் வாங்கித் தந்ததை ஆறு வருடத்தில் கழற்றினால் மனம் நோவார் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். போனில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கழற்றுகிற அன்று பழைய கொயிலை எறியாமல் வாங்கி வையுங்கள். விரல் மொத்தத்துக்கு வெள்ளைக் கல் பிடித்து, ஒரு இடத்தில் வெடித்திருக்கும். அதைப் பத்திரிகைத் தாளில் வைத்துப் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள்.